காதுக்குள் இருந்ததை வெளியே எடுத்தவர்

என் அக்கா வீட்டுக்காரரை எங்கள் ஆலையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வண்டு என்றுதான் சொல்வார்கள். இடது காதுக்குள் ஒரு வண்டு உட்கார்ந்துகொண்டு நிற்காமல் கத்துகிறது என்று ஒருநாள் டீ நேரத்தில் வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்று சாயங்காலத்துக்குள் பெயர் ஒட்டிக்கொண்டது. முதலில் அப்படிக் கூப்பிட்டவன் நான்தான். இதை இப்போதே சொல்லிவிடுகிறேன். என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டு யாரும் மேற்கொண்டு படிக்க வேண்டாம்.

தகர டப்பாக்களுக்கு மூடி அடிக்கிற ஆலை அது. ஒரே கூடத்தில் பதினாறு பிரஸ் மெஷின். ஓட ஆரம்பித்தால் பக்கத்தில் நிற்பவனிடம்கூடக் கையால்தான் பேச வேண்டும். மாமா அந்தக் கூடத்தின் எலெக்ட்ரீஷியன். இருபத்திரண்டு வருடம் அந்தச் சத்தத்துக்குள் நின்றவர். எனக்கும் அங்கே எலெக்ட்ரீஷியன் வேலை கிடைத்தது அவரால்தான். மேற்பார்வையாளரின் அறை வாசலில் மூன்று நாள் நின்று, "என் மச்சான் சார், கை சுத்தம்" என்று சொல்லிச் சொல்லியே உள்ளே நுழைத்தார்.

மாமாவுக்கு வேடிக்கைப் பேச்சு புரியாது. சிரிக்க வேண்டிய இடத்தில் யோசிப்பார். "வண்டு முட்டை போட்டுடுச்சா?" என்று யாராவது கேட்டால், "இல்ல, நான் உதாரணத்துக்குத்தான் வண்டுன்னு சொன்னேன்" என்று விளக்கம் கொடுப்பார். அப்படிப்பட்ட ஆளை யார் விடுவார்கள்? அவர் பின்னால் போய் இரும்புத் தட்டைப் போடுவோம். அவர் தூக்கிவாரிப் போட்டுத் திரும்புவார். "பாத்தீங்களா, காது நல்லாத்தான் கேக்குது" என்று ஆளாளுக்குச் சிரிப்போம். நான் இன்னும் ஒரு படி மேலே போய், அவர் காதருகே மெல்ல விசிலடித்துவிட்டு, "இதுவா மாமா? இல்ல இதைவிட ஒல்லியா?" என்று கேட்பேன். அவர் அதையும் கவனமாகக் கேட்டுவிட்டு, "இதைவிட ஒல்லி" என்பார்.

வீட்டில் அக்கா அதைவிடக் கெட்டிக்காரி. அடுப்படியிலிருந்து குரலைத் தாழ்த்தி, "டீ வேணுமா?" என்பாள். அவர் "குடு" என்பார். உடனே என் பக்கம் திரும்பி, "இது மட்டும் கேக்கும். கடைக்குப் போகச் சொன்னா காதுல வண்டு கத்தும்" என்பாள். ஒன்பது வருடம் இந்தப் பாட்டைப் பாடினாள். மாமா ஒரு தடவைகூடப் பதிலுக்குக் கத்தியதில்லை. காது கேட்காமல் போகவில்லை, கேட்க வேண்டாதது ஒன்று சேர்ந்து கேட்கிறது, அவ்வளவுதான் என்று பொறுமையாகச் சொல்வார். அவர் பொறுமையே எனக்கு எரிச்சலாக இருக்கும்.

ஆலையின் மாடியில் அளவுக் கருவி அறை என்று ஒன்று உண்டு. மீட்டர்களையும் கேஜ்களையும் சரிபார்க்கிற இடம். இரட்டைக் கதவு, தரையில் விரிப்பு, ஒரு மேஜை, ஒரு நாற்காலி. கீழே பதினாறு பிரஸ்ஸும் ஓடினாலும் அங்கே கடிகாரம் நகர்வது கேட்கும். அங்கே இருந்தவர் ஓய்வு பெற இன்னும் எட்டு மாதம். அந்த நாற்காலி கிடைத்தால் காது பிழைக்கும், பிரஸ் கூடத்திலேயே இருந்தால் வருடத்துக்கு வருடம் வண்டு பெருத்துக்கொண்டே போகும் என்று மாமாவுக்குப் பயம். மனு போட்டார். உடல்நலக் காரணத்துக்கு ஆலை டாக்டர் கையெழுத்துப் போட்டால் இடம் அவருக்குத்தான். இல்லாவிட்டால் மேற்பார்வையாளர் யாரைக் காட்டுகிறாரோ அவருக்கு. மேற்பார்வையாளருக்கு என்னைப் பிடிக்கும். அவர் சொல்லும் மொக்கைக்கெல்லாம் விழுந்து விழுந்து சிரிப்பவன் நான். நானும் ஒரு மனு போட்டேன். அதை மாமாவிடமே சொன்னேன்.

"நல்லதுதான் மச்சான்," என்றார். "எனக்கு வரலேன்னா வெளி ஆளுக்குப் போகாம நம்ம வீட்டுலயே இருக்கும்."

டாக்டர் செவ்வாய்க்கிழமைதான் வருவார். மாமாவின் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், கேட்கும் திறன் சோதனைத் தாளைப் பார்த்தார். பேச்செல்லாம் சரியாகக் கேட்கிறது என்று இருந்தது. "காட்ட முடியாத சத்தத்துக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது? அதை எடுத்துட்டு வந்து இந்த மேஜைமேல வைங்க, போட்டுடறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார். வேறு யாராக இருந்தாலும் அது கிண்டல் என்று புரிந்துகொண்டு, மனதுக்குள் நாலு வார்த்தை திட்டிவிட்டுப் போயிருப்பார்கள். மாமா "சரிங்க சார்" என்று சொல்லிவிட்டு, நேராகப் பாகங்கள் விற்கிற கடைக்குப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாப்பாட்டு மேஜைதான் அவர் பட்டறை. தனக்குள் கேட்கிற சத்தத்தை அப்படியே வெளியே எழுப்புகிற ஒரு பெட்டி செய்ய வேண்டும். சத்தத்தின் சுருதியை ஒரு குமிழால் ஏற்றி இறக்கி, உள்ளே இருப்பதோடு ஒட்ட வைக்க வேண்டும். அதற்கு ஆப்-ஆம்ப் என்கிற எட்டுக் கால் சில்லு ஒன்றை எடுத்துக்கொண்டார். சின்ன மின்னசைவைப் பெரிதாக்கித் தருகிற கறுப்புத் துண்டு. பெரிதாக்கியதில் கொஞ்சத்தை மறுபடி அதன் வாய்க்கே திருப்பிக் கொடுத்தால், அது தன்னைத் தானே தூண்டிக்கொண்டு பாட ஆரம்பிக்கும். திருப்பிக் கொடுக்கிற வழியில் இரண்டு ரெசிஸ்டர், இரண்டு கெபாசிட்டர். எந்தச் சுருதியில் பாட வேண்டும் என்பதை அவைதான் தீர்மானிக்கும்.

கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால் சில்லு சரியாக மூன்று மடங்கு பெரிதாக்க வேண்டும். ஒரு இம்மி குறைந்தால் சத்தம் தேய்ந்து செத்துப்போகும். ஒரு இம்மி கூடினால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரவென்று வரும். முதல் இரண்டு வாரம் கரகரப்புதான். "இது என் சத்தம் இல்ல. என்னோடது சுத்தமா இருக்கும்" என்றார், ஏதோ வீட்டுப் பிள்ளையைப் பற்றிச் சொல்வதுபோல. அப்புறம் பெருக்கத்தைக் கட்டுப்படுத்துகிற இடத்தில் ஒரு சின்ன பல்பை வைத்தார். சத்தம் ஏறினால் பல்பின் கம்பி சூடாகும், சூடானால் தடை கூடும், பெருக்கம் தானாகக் குறையும். பல்பு எரிவது கண்ணுக்கே தெரியாது. ஆனாலும் அது காவல் காத்தது. மூன்றாவது வாரம் கரகரப்பு போய், கோடு இழுத்ததுபோல் ஒரு சத்தம் வந்தது. மாமா எழுந்து நின்றுவிட்டார்.

குமிழ் அடுத்த வம்பு. சுருதியைத் தீர்மானிக்கிற அந்த இரண்டு ரெசிஸ்டரும் ஒரே தண்டில் சேர்ந்து சுழல வேண்டும், இரண்டும் எப்போதும் சமமாக இருக்க வேண்டும். கடையில் கிடைப்பவை அப்படி இருப்பதில்லை. பதினோரு குமிழ் வாங்கிவந்து, ஒவ்வொன்றையும் விரல் அளவு விரல் அளவாகத் திருப்பி மீட்டரில் பார்த்து, தேறிய ஒன்றைப் பொருத்தினார். "வண்டுக்குக் கூண்டு கட்டுறாரு" என்றாள் அக்கா. மேஜைமேல் இடமில்லாமல் தரையில் தட்டை வைத்துச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள்.

வலது காதில் ஒரு ஹெட்போனை மாட்டிக்கொண்டு, இடது காதில் இருப்பதோடு ஒட்டும்வரை குமிழைத் திருப்புவார். ஒட்டியது என்று தோன்றும் இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி. மறுவாரம் இன்னொரு புள்ளி. ஆறு வாரத்துப் புள்ளிகள் ஒரே இடத்தில் குவிந்தபோது முடிந்துவிட்டது என்று சந்தோஷப்பட்டார். பிறகு ஒருநாள் கை தவறிக் குமிழ் மேலே ஓடிவிட்டது. கேட்டவர் முகம் வெளுத்தது. இத்தனை நாள் அவர் பிடித்துவைத்திருந்தது சரியாகப் பாதிச் சுருதியில் இருந்த சத்தம். கீழ் சுருதியும் மேல் சுருதியும் ஒரே மாதிரி கேட்டு ஏமாற்றிவிட்டன. ஆறு வாரம் வீண். நானாக இருந்தால் பெட்டியைத் தூக்கி எறிந்திருப்பேன். "நல்லவேளை, டாக்டர்கிட்ட தப்பானதைக் கொண்டுபோய்க் காட்டியிருப்பேன்" என்று சொல்லி, புள்ளிகளை அழித்துவிட்டு முதலிலிருந்து தொடங்கினார்.

கடைசியில் ஒரு எண் நின்றது. ஆறாயிரத்து நூற்று நாற்பது. நொடிக்கு அத்தனை துடிப்பு. ஆலையிலிருந்த கருவியில் அளந்து எழுதிக்கொண்டார். ஒரு சின்ன ஆம்ப்ளிஃபையரும் ஸ்பீக்கரும் சேர்த்து, எங்கள் இருவரையும் எதிரே உட்காரவைத்தார். 

"உள்ள எவ்வளவு இருக்கோ அவ்வளவுதான் வச்சிருக்கேன். கூட்டல, குறைக்கல" என்று சொல்லிவிட்டுச் சுவிட்சைப் போட்டார்.

ஊசி நுனிபோல ஒரு சத்தம். அக்கா தலையைச் சாய்த்துக் கேட்டாள்.

"இதானா?"

"இதான்."

"இவ்வளவுதானா? இதுக்கா ஒன்பது வருஷம் மூஞ்சியத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்தீங்க? என் தையல் மிஷின் இதைவிடக் கத்தும்."

நான் சிரித்தேன். மாமா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். நிரூபித்துவிட்டால் நம்புவார்கள் என்றுதான் அவர் கணக்குப் போட்டிருந்தார். நம்பிய பிறகும் இளப்பமாகத்தான் இருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. "இதை அணைக்க முடியாதும்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, சுவிட்சை அணைத்து, பெட்டியைத் துணியால் மூடினார். அக்கா அதற்குள் எழுந்து போயிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூடவே போனது நான். டாக்டர் அறையில் மேற்பார்வையாளரும் உட்கார்ந்திருந்தார். டாக்டருக்குத் தான் சொன்னது நினைவே இல்லை.

"நீங்கதான் சார் மேஜைமேல வைக்கச் சொன்னீங்க."

"நானா?" என்றவர், மாமா குமிழைத் திருப்பிச் சத்தத்தை வரவழைத்ததும் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். புள்ளி வைத்த தாள்களைப் புரட்டினார். எத்தனை வாரம், எப்படி ஒட்டவைத்தீர்கள் என்றெல்லாம் விசாரித்தார். அவர் முகத்தில் மரியாதை வந்துவிட்டதை நான் பார்த்தேன். நாற்காலி மாமாவுக்குப் போய்விட்டது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வயிறு எரிந்தது. பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, எரிந்தது.

"ஃபேன் சத்தத்துல சரியாப் பிடிபடல. கொஞ்சம் ஏத்துங்க," என்றார் டாக்டர்.

"இவ்வளவு இருக்காது சார்..."

"பரவாயில்ல, ஏத்துங்க."

மாமா ஏற்றினார். மேற்பார்வையாளர் காதில் விரலை வைத்துக்கொண்டார். டாக்டர் படிவத்தை எடுத்து எழுத ஆரம்பித்தார். நடுவில் போன் வந்தது. ஒரு காதைப் பொத்திக்கொண்டு இரண்டு நிமிடம் பேசினார். அந்தச் சத்தம் அத்தனை நேரமும் அறைக்குள் கத்திக்கொண்டே இருந்தது, மாமா அதற்கு நேரே குனிந்து நின்றார். டாக்டர் பேசி முடித்து, அணைக்கச் சொல்லிக் கையைக் காட்டினார். மாமா அணைத்தார்.

அணைத்தவர் அப்படியே நின்றார். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். தலையை ஒரு பக்கம் திருப்பினார், மறுபக்கம் திருப்பினார். கண்ணில் தண்ணீர் கொட்டியது.

டாக்டர் படிவத்தின் கடைசிக் கட்டத்துக்கு வந்திருந்தார். "இப்ப கேக்குதா?"

"இல்ல சார்." மாமா சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "இல்ல சார்! ஒண்ணுமே இல்ல சார்!"

"இல்லையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"சத்தியமா இல்ல சார். ஃபேன் மட்டும்தான் கேக்குது."

வேறு எவனாக இருந்தாலும் அந்த இடத்தில் "இருக்குது சார்" என்று சொல்லியிருப்பான். ஒன்பது வருடத்தில் முதல்முறையாகக் கிடைத்த அமைதியை அவரால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. டாக்டர் தோளைக் குலுக்கி, பேனாவைக் கீழே கொண்டுபோனார். நடுவில் என்னைப் பார்த்தார். "நீங்களும் எலெக்ட்ரீஷியன்தானே? இவர் பெட்டியே இவரைக் குணப்படுத்திடுச்சு போலிருக்கே?"

சூடான மெஷினை அணைத்த கையோடு எடுக்கிற அளவு அளவே இல்லை. அது ஆற வேண்டும், ஊசி நிலைக்கு வர வேண்டும், அப்புறம்தான் எழுத வேண்டும். எங்கள் தொழிலில் இருக்கிற எவனுக்கும் இது தெரியும். உரத்த சத்தத்தில் காது மரத்திருக்கிறது, கொஞ்ச நேரத்தில் தெளிந்துவிடும் என்று எனக்கு அந்த நிமிடமே பட்டது. அஞ்சு நிமிஷம் கழிச்சு மறுபடி கேளுங்க சார் என்றால் போதும். ஆறு வார்த்தை.

"ஆமா சார், ஆச்சரியமாத்தான் இருக்கு," என்றேன்.

டாக்டர் எழுதிக் கையெழுத்துப் போட்டார். பரிசோதனையின்போது தொந்தரவு இல்லை. இடமாற்றம் தேவையில்லை. மேற்பார்வையாளர் தாளை வாங்கிக் கோப்புக்குள் வைத்து மூடினார். அவர் என்னைப் பார்த்துச் சிரித்ததை மாமா கவனிக்கவில்லை. அவர் இன்னும் ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

மாடிப்படியில் பாதி இறங்கும்போது மாமா நின்றார். "வந்துடுச்சு மச்சான்," என்றார் மெதுவாக. பிறகு திரும்பி, இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினார். நான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன்.

"சார், வந்துடுச்சு சார். மறுபடி கேக்குது."

டாக்டர் எரிச்சலாகப் பார்த்தார். "நீங்க சொன்னதைத்தானே எழுதினேன்? ஒரு நிமிஷத்துக்கு முன்னாடி சத்தியம் பண்ணினீங்க. இப்ப மாத்திச் சொன்னா நான் எதை நம்பறது?"

மாமா என் பக்கம் திரும்பினார். "மச்சான், நீ சொல்லு. உனக்குத் தெரியும்ல?"

"டாக்டர் எழுதிட்டாரு மாமா," என்றேன். "வாங்க, டூட்டிக்கு நேரமாச்சு."

மூன்று மாதத்தில் அந்த நாற்காலி எனக்கு வந்தது. வீட்டில் ஒருவராவது உருப்பட்டாரே என்று அக்கா சந்தோஷப்பட்டாள். மாமாவும் கைகொடுத்தார். அவருக்கு என்மேல் சந்தேகம் வந்திருக்குமா என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். வந்திருக்காது. சந்தேகப்படுவதற்கும் கொஞ்சம் கெட்ட புத்தி வேண்டும்.

பிரஸ் கூடத்துக்குத் திரும்பியவர் பெட்டியையும் கொண்டுபோனார். அந்த ஒரு நிமிட அமைதி அவரைப் பிடித்துக்கொண்டது. சாப்பாட்டு இடைவேளையில் எலெக்ட்ரிக் அறைக் கதவைச் சாத்திவிட்டு, ஸ்பீக்கரில் காதை வைத்து, இரண்டு நிமிடம் உரக்க விடுவார். அணைத்ததும் நாற்பது நொடி வண்டு இருக்காது. கைக்கடிகாரத்தில் எண்ணியிருக்கிறார். அந்த நாற்பது நொடியில் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஒரு வருடத்தில் நாற்பது முப்பதானது. இன்னும் கொஞ்சம் சத்தத்தை ஏற்றினார். முப்பது பத்தானது. இன்னும் ஏற்றினார். காதுக்கு அது நல்லதில்லை என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும். அளவுக் கருவி அறையில் உட்கார்ந்து, எந்தச் சத்தம் எவ்வளவு என்று அளக்கிறவனே நான்தான். நான் சொல்லவில்லை. சொன்னால் அவர் அறைக்கு நான் போக வேண்டும், அவர் முகத்தைப் பார்க்க வேண்டும்.

இரண்டாவது வருடம் ஒரு மதியம் என்னைக் கீழே வரச் சொன்னார். எலெக்ட்ரிக் அறை மூலையில் மூன்று பழைய ஸ்பீக்கர்கள் கிடந்தன. நாலாவது பெட்டியோடு சேர்த்திருந்தது.

"பத்து நாளா பெட்டி பேசவே மாட்டேங்குது மச்சான். வண்டு மட்டும் நிக்காம கத்துது. மீட்டர் வச்சா வோல்டேஜ் சரியா வருது. சில்லு மாத்தினேன், பல்பு மாத்தினேன். ஸ்பீக்கர்தான் போகுதுன்னு நினைக்கிறேன். கூம்புல விரல் வச்சும் பாத்துட்டேன், ஒண்ணும் தெரியல. நீ கொஞ்சம் கேட்டுச் சொல்லு."

சத்தக் குமிழைக் கடைசிவரை திருப்பிவிட்டுச் சுவிட்சைப் போட்டார்.

அந்தச் சத்தம் என் மண்டைக்குள் ஆணி மாதிரி இறங்கியது. பல் கூசியது. சுவரிலிருந்த சட்டம் அதிர்ந்ததோ, என் கண்தான் அதிர்ந்ததோ தெரியவில்லை. அப்படிச் சுத்தமாக, ஒரு இம்மி கரகரப்பில்லாமல், அவர் செய்த அன்றுபோலவே பாடியது. மாமா ஸ்பீக்கருக்கு ஒரு சாண் தூரத்தில் குனிந்து, என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு அதில் ஒரு துளியும் கேட்கவில்லை. பேச்சு கேட்கிற காதில் அந்தச் சுருதி மட்டும் செத்துப்போயிருந்தது.

அடுத்துச் சொன்னதை இரக்கத்தால் சொன்னேன் என்று எழுதினால் நன்றாகத்தான் இருக்கும். இரக்கம் இல்லை. உண்மையைச் சொன்னால் எப்போதிலிருந்து, எதனால் என்று அவர் நிதானமாக, வழக்கம்போலக் கேட்பார். ஒவ்வொரு கேள்வியாக இறங்கி அந்த டாக்டர் அறையில் வந்து நிற்பார். எனக்கு அது வேண்டாம்.

காதுக்குப் போகப் பார்த்த கையைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டேன்.

"ஒண்ணும் வரல மாமா," என்றேன். "ஸ்பீக்கர்தான்."

"அப்படித்தான் நானும் நினைச்சேன்," என்றார். சுவிட்சை அணைக்காமலேயே, அடுத்த ஸ்பீக்கர் வாங்கக் கடைக்குக் கிளம்பினார்.